வீட்டுத் தோட்டத்தில் தவளைகள் வாழ இடம் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் தவளை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் குழி தோண்டிவிடுகிறார்கள். குழாயைத் திறந்து நிரப்புகிறார்கள், அழகுக்கு நான்கு மீன் விடுகிறார்கள், எங்கோ ஒரு குட்டையிலிருந்து வாளி நிறையத் தலைப்பிரட்டைகளையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் மீன் மட்டும் மிஞ்சுகிறது. பிறகு "எங்கள் பக்கம் தவளை வராது" என்று குளத்தையே மூடிவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி வேலைகளின் வரிசையைப் பற்றியது. முதலில் விஷம் நிற்க வேண்டும். அடுத்து தரையில் தங்குமிடம். தண்ணீர் அதற்கும் பிறகுதான். பல தவளை இனங்களும் தேரைகளும் ஆண்டின் பெரும்பகுதியைத் தரையில் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் தண்ணீருக்கு வருபவை. சுற்றியுள்ள மண்ணில் அவற்றால் வாழ முடியாவிட்டால், குளம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. தவளையை அழைத்துவிட்டுக் கொல்லும் பொறியாகக்கூட அது ஆகிவிடும்.

பொறி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு 8,011 இருவாழ்வி இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 40.7 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு மோசமான நிலையில் வேறு பெரும்பிரிவு இல்லை. வாழிட அழிப்பு, நோய், வேதிப்பொருள், மாறும் மழை, வெளியிலிருந்து வந்த மீன்கள் என்று உலக அளவில் பேசப்படும் காரணங்களில் பெரும்பாலானவை சின்ன அளவில் நம் தோட்டத்திலும் நடக்கின்றன. அதனால் ஒவ்வொரு படியிலும் அதற்கான காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் வேண்டியவை

மண்வெட்டி, கடப்பாரை, எல்லை குறிக்கக் கயிறு, ரசமட்டம், குழியின் அகலத்துக்குக் குறுக்கே வைக்க நேரான பலகை, குளத்துக்கான நீர் புகா விரிப்பு, அதற்கு அடியில் போடப் பழைய சாக்கு அல்லது தடித்த துணி, மழைநீர் பிடிக்க ஒரு பீப்பாய், டார்ச், ஒலிப்பதிவு செய்யும் கைபேசி. பொருள் இவ்வளவுதான்.

இதைவிட முக்கியம் காலக்கணக்கு. உங்கள் பகுதியில் தவளைகள் கத்தத் தொடங்கும் பருவத்துக்குச் சில மாதங்கள் முன்பே குளம் தயாராகியிருக்க வேண்டும். மருந்தடிப்பதை அதற்கும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு கடப்பாரையை எடுத்தால் அந்தப் பருவம் போய்விடும்.

1. யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

மழை பெய்த இரவு, இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தோட்டத்தில் நின்று பத்து நிமிடம் காது கொடுங்கள். கத்துவது பெரும்பாலும் ஆண் தவளைகள்தான், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல் உண்டு. கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போட்டால் இனத்தை அடையாளம் காண உதவுவார்கள்.

எந்த இனம் என்று தெரிந்தால்தான் என்ன அமைப்பது என்று தெரியும். சில தவளைகளுக்கு ஆழமான, ஆண்டு முழுக்க வற்றாத தண்ணீர் வேண்டும். பல தேரைகளுக்குச் சில வாரம் தேங்கும் மழைக் குட்டை போதும். மரத்தவளைகள் சில, தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையில் நுரைக்கூடு கட்டும். அவற்றுக்குக் குளத்தை விடக் குளத்தின் மேல் சாய்ந்த கிளைதான் முக்கியம்.

குளமே வேண்டாத தவளைகளும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள பல புதர்த்தவளைகள் ஈரமான இலையிலோ மண்ணிலோ முட்டையிடும். தலைப்பிரட்டை என்ற நிலை முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். சுற்றிலும் அந்த மாதிரித் தவளைகள்தான் என்றால் 4ஆம் படி முதல் 7ஆம் படி வரை உங்களுக்குத் தேவையில்லை. சருகும் புதரும் ஈரமும் போதும்.

வழக்கமான தவறு: ஒரு குரலும் கேட்கவில்லை என்று வெளியிலிருந்து தவளை கொண்டுவருவது. வறண்ட இரவில் கேட்டால் எங்குமே குரல் இருக்காது. நல்ல மழைக்குப் பிறகு மறுபடி கேளுங்கள்.

2. மருந்தடிப்பதை நிறுத்துங்கள்

இந்தப் படியைத் தள்ளிப்போடத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். "குளம் வந்த பிறகு நிறுத்திக்கொள்கிறேன்" என்பார்கள். அப்படிச் செய்தால் மண்ணில் தங்கிய மருந்து முதல் மழையிலேயே குளத்துக்குள் இறங்கிவிடும்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரமான மண்ணில் ஒரு தேரை உட்கார்ந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள்: பின்னங்கால்களை அகட்டி, அடிவயிற்றை மண்ணோடு மண்ணாக ஒட்ட வைத்திருக்கும். அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாக அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்த மண்ணில் களைக்கொல்லி இருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகிறது. மூச்சிலும் ஒரு பங்கு அந்தத் தோல் வழியாகத்தான் நடக்கிறது. நம் தோலைத் தொட்டுவிட்டு நிற்கும் பொருள் தவளையின் உடம்புக்குள்ளேயே போய்விடும்.

களைக்கொல்லி செடியைத்தான் கொல்லும், விலங்குக்கு ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2005இல் வெளியான பரிசோதனைகளில், கிளைபோசேட் உள்ள களைக்கொல்லி கலந்த தண்ணீரில் தலைப்பிரட்டைகளில் பெரும்பகுதி செத்துப்போயின. இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அதில் சேர்க்கும் துணைப்பொருள்தான் முதன்மைக் காரணம் என்று தெரியவந்தது. போத்தலில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் படித்துவிட்டு "இது பாதுகாப்பானது" என்று முடிவு செய்யாதீர்கள்.

பூச்சிக்கொல்லியில் இன்னொரு சேதமும் உண்டு. தவளையை அது நேரடியாகத் தொடாவிட்டாலும் தவளையின் இரையை இல்லாமல் செய்துவிடும். வண்டு, கறையான், வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி எதுவும் இல்லாத தோட்டத்தில் தவளை எதைத் தின்னும்?

நிறுத்த வேண்டியவை: களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, நத்தை மருந்து, கொசுவுக்குத் தோட்டத்தில் அடிக்கும் புகை. ரசாயன உரத்தையும் குளத்தை நோக்கிச் சரியும் பக்கத்தில் போடாதீர்கள். உரம் தண்ணீரில் இறங்கினால் பாசி பெருகும். பாசியைத் தின்னும் நத்தைகள் பெருகும். சில நத்தைகளுக்குள் வளரும் ஒட்டுண்ணிப் புழு தலைப்பிரட்டையின் கால் முளைக்கும் இடத்தில் துளைத்துக்கொண்டு போய், கால் இல்லாத, அல்லது கூடுதல் காலுள்ள தவளைகளை உண்டாக்கும். வட அமெரிக்கக் குளங்களில் இந்தச் சங்கிலியை முழுதாகவே தொடர்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

களையைக் கையால் பிடுங்குங்கள், நடைபாதையில் முளைத்தால் கொதிநீர் ஊற்றுங்கள். அதே கொதிநீரைச் சருகுக் குவியல் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது.

3. தரையில் தங்குமிடம் செய்யுங்கள்

தவளைக்குப் பகலில் வேண்டியது மூன்று: நிழல், ஈரம், உடம்பைச் செருகிக்கொள்ள இடுக்கு. தோட்டத்தின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தாலே மூன்றும் கிடைத்துவிடும்.

மட்கத் தொடங்கிய கட்டைகளைப் பாதி மண்ணில் புதையும்படி அடுக்குங்கள். மேலே சருகு போடுங்கள். உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து, வாய்ப்பகுதியில் ஒரு பக்கம் கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள், தேரை தானாகவே உள்ளே போய் மண்ணைப் பறித்துக்கொள்ளும். தொட்டியின் அடி வெறும் மண்ணாக இருக்கட்டும், சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் பகலில் அடுப்பாகிவிடும்.

அப்புறம் வேலி. குளங்களில் முட்டையிடும் இருவாழ்விகள் கரையிலிருந்து சராசரியாக 159 முதல் 290 மீட்டர் வரை தரையைப் பயன்படுத்துகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய தோட்டம் நம்மில் யாருக்கும் இருக்காது. ஆகவே பக்கத்து வீட்டு மண்ணும் உங்கள் தவளைக்கு வேண்டும். சுற்றுச்சுவரின் அடியில் ஓரிரு இடங்களில் கையளவு துளை விடுங்கள். அண்டை வீட்டாரிடம் மருந்து பற்றிப் பேசுவதும் இந்தப் படியில்தான் வருகிறது. நான் பார்த்தவரை, "அடிக்காதீர்கள்" என்பதைவிட "எந்த நாளில் அடிக்கிறீர்கள், எங்கள் பக்கம் சாரல் வராமல் அடிக்க முடியுமா" என்று கேட்டால் பேச்சு நல்லபடி முடிகிறது.

வழக்கமான தவறு: இடம் செய்த மறுநாளே கட்டையைப் புரட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறுகிறது. பார்க்க ஆசையாக இருந்தால் இரவில் டார்ச்சோடு போங்கள், அது தானே வெளியே வந்திருக்கும்.

4. குளத்துக்கு இடம் பாருங்கள்

பாதி நாள் வெயிலும் பாதி நாள் நிழலும் விழும் இடம் நல்லது. முழு நிழலில் தண்ணீர் குளிர்ந்து பாசி வளராது, தலைப்பிரட்டைக்கு உணவு குறையும். முழு வெயிலில் ஆழம் குறைந்த தண்ணீர் சூடேறிப் பிராணவாயு குறையும்.

பெரிய மரத்தின் நேர் அடியில் வேண்டாம். வேர் விரிப்பைக் குத்தும், உதிரும் இலை தண்ணீரில் அழுகும். தெருவுக்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் எட்டியே இருக்கட்டும், மழை இரவில் குளத்துக்கு வரும் தவளைகள் சக்கரத்தில் சிக்குவது எங்கும் நடக்கிறது. 3ஆம் படியில் செய்த தங்குமிடத்துக்கும் குளத்துக்கும் நடுவே வெறும் தளம் இல்லாமல் புல்லோ செடியோ தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இப்போதே முடிவெடுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தவளை புகுந்து வரும் அளவு கண்ணியுள்ள உறுதியான இரும்புச் சட்டம் போடலாம், இல்லையென்றால் பூட்டும் வேலி. இரண்டும் முடியாதென்றால் குளத்தைச் சில ஆண்டு தள்ளிவையுங்கள், தரைத் தங்குமிடம் மட்டுமே இருந்தாலும் தேரைகளுக்குப் பெரிய உதவி.

5. தோண்டும்போது சரிவை விட்டுவிடாதீர்கள்

எல்லோரும் ஆழத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது கரையைப் பற்றி. ஒரு பக்கமாவது, ஒரு பங்கு இறங்க மூன்று பங்கு நீளம் போகும் சரிவு வேண்டும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 50 செ.மீ. ஆழம் உள்ள குளம் என்றால் நீளத்தில் ஒன்றரை மீட்டர் சரிவுக்கே போய்விடும். ஆழமான பகுதி ஒரு முனையில் கொஞ்சம்தான் மிஞ்சும். அது போதும். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் இடங்களில் மட்டும் ஆழமான பகுதி 60 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும்.

காரணம் குட்டித் தவளை. பின்னங்கால் முளைத்து, பிறகு முன்னங்கால் வெளியே வந்தவுடன் அதன் செவுள் சுருங்கி நுரையீரல் வேலை செய்யத் தொடங்கும். வாலும் இன்னும் போகாத நிலை, சரியாக நீந்தவும் வராது. அந்த நாட்களில் கரையேற இடமில்லாவிட்டால் தண்ணீரிலேயே பிறந்தது தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். செங்குத்தான சுவருள்ள தொட்டிகளில் ஒரு தலைமுறை முழுவதும் ஒரே வாரத்தில் இப்படிப் போய்விடும். ஏற்கெனவே அப்படி ஒரு தொட்டி வீட்டில் இருந்தால், அடியிலிருந்து விளிம்பு வரை கற்களைப் படிபோல அடுக்குங்கள், அல்லது சொரசொரப்பான பலகையைச் சாய்த்துக் கட்டுங்கள்.

கயிற்றால் எல்லை குறித்து, மேல்மண்ணைத் தனியே எடுத்து வையுங்கள். அதைக் குளத்துக்குள் திரும்பப் போடக்கூடாது, சத்து மிகுந்த மண் பாசியைக் கிளப்பிவிடும். குளத்தின் அருகே சிறு மேடாகக் குவித்துச் செடி நடுங்கள், அதுவும் தங்குமிடமாகும். குளத்துக்குள் நடும் செடிகளுக்கு, அடியில் எடுத்த சத்தில்லாத மண்ணையே பயன்படுத்துங்கள்.

தோண்டி முடித்ததும் பலகையைக் குறுக்கே வைத்து ரசமட்டம் பாருங்கள், நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் வழிந்து, எதிர்ப்பக்கம் விரிப்பு வெயிலில் காயும். இப்போது சரிசெய்வது பத்து நிமிட வேலை, விரித்த பிறகு அரை நாள்.

6. விரிப்பு போடுங்கள்

கல், வேர்முனை எல்லாவற்றையும் கையால் தடவிப் பொறுக்குங்கள். சாக்கைப் பரப்பி, அதன் மேல் விரிப்பைப் போடுங்கள். அளவுக்குக் கணக்கு இது: நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கு, அதோடு இரு ஓரத்துக்கும் சேர்த்து 60 செ.மீ. மேலே சொன்ன குளத்துக்கு 3.6 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம் வரும்.

குளத்துக்கென்றே செய்த ரப்பர் விரிப்பாகக் கேட்டு வாங்குங்கள். கூரைக்காகச் செய்யும் சில விரிப்புகளில் பாசி பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்திருப்பார்கள். அந்த மருந்து நமக்கு வேண்டாத ஒன்று.

சிமெண்டுக் குளம் கட்டினால், புதுச் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பல முறை நிரப்பிக் கொட்டி, காரத்தன்மையைச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். செம்பு, துத்தநாகம் பூசிய பாத்திரங்களைக் குளமாக மாற்றாதீர்கள், இரண்டும் தலைப்பிரட்டைக்கு நஞ்சு.

சரிவில் கூழாங்கல் பரப்பினால் வழுக்காது. விரிப்பின் ஓரத்தை மண்ணால் மூடிவிடுங்கள்.

7. தண்ணீர்

மழைநீர்தான் சிறந்தது. பீப்பாயில் பிடித்து வையுங்கள், முடிந்தால் குளத்தையே மழை நிரப்பட்டும்.

குழாய்த் தண்ணீர்தான் வழி என்றால், அதில் என்ன கலக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். குளோரின் என்றால் திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்தால் போய்விடும். குளோரமின் என்றால் அப்படிப் போகாது, மீன்தொட்டிக்கு விற்கும் குளோரமின் நீக்கியை அளவோடு கலக்க வேண்டும். எதுவென்று தெரியாவிட்டால் குளோரமின் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வற்றும்போது நிரப்புவதற்கும் இதே விதி. ஒரே நாளில் பாதிக் குளத்தை மாற்றாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வெப்பமும் காரத்தன்மையும் சட்டென்று மாறினால் முட்டையும் தலைப்பிரட்டையும் தாங்காது.

நிரப்பிய சில வாரங்களில் தண்ணீர் பச்சையாகும். பதறி மருந்து ஊற்றாதீர்கள். பாசிக்கொல்லிகளில் பலவும் செம்பு கலந்தவை. அந்தப் பாசியைத்தான் தலைப்பிரட்டை சுரண்டித் தின்னப்போகிறது. செடிகள் வேர்பிடித்ததும் தண்ணீர் தெளியும்.

8. செடிகள்

உங்கள் பகுதியில் இயல்பாக வளரும் நீர்ச்செடிகளையே தேடுங்கள். மூன்று வகையும் கலந்திருக்கட்டும்: தண்ணீருக்குள் மூழ்கி வளர்பவை, அல்லி போல இலை மிதப்பவை, கரையோரம் நிற்கும் கோரை வகை. மூழ்கிய தண்டில் முட்டை ஒட்டும், மிதக்கும் இலை நிழல் தரும், கரைக் கோரையில் குட்டித் தவளை ஒளியும்.

ஆகாயத்தாமரை வேண்டவே வேண்டாம். கண் மூடித் திறப்பதற்குள் மேற்பரப்பை மூடி, கீழே காற்றும் வெளிச்சமும் போகாமல் செய்துவிடும். மழையில் வழிந்து வெளியே போனால் ஊர்க்குளத்துக்கும் கேடு.

கடையில் வாங்கிய செடியைச் சுத்தமான தண்ணீரில் அலசி, தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு நடுங்கள். மீன் முட்டையும் நத்தையும் இப்படித்தான் கேட்காமல் வந்து சேர்கின்றன. அலசிய தண்ணீரைச் சாக்கடையிலோ ஓடையிலோ கொட்டாமல், குளத்துக்குத் தள்ளி வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

9. மீன் விடாதீர்கள், கொசுவுக்கு வேறு வழி உண்டு

பெரும்பாலான மீன்கள் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். தங்கமீனும் தின்னும். கொசுவுக்கென்று உலகம் முழுக்கப் பரப்பப்பட்ட கம்பூசியா மீன், பெரிய தலைப்பிரட்டையை விழுங்க முடியாவிட்டாலும் வாலைக் கடித்துக் குதறிவிடும். பல தேரைகளின் தலைப்பிரட்டைகள் கசப்பானவை, மீன் அவற்றைத் துப்பிவிடுவதும் உண்டு. "எங்கள் குளத்தில் மீனும் இருக்கிறது, தலைப்பிரட்டையும் இருக்கிறதே" என்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இவற்றைத்தான். மற்ற இனங்கள் அங்கே சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

கொசு நியாயமான கவலை, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்று தீர்க்கும் என்று நம்பாதீர்கள், அது முக்கியமாகப் பாசி சுரண்டுவது. கொசுப்புழுவை உண்மையில் தின்பவை தட்டானின் நீர்ப்புழுக்களும், முதுகால் நீந்தும் பூச்சிகளும், நீர்வண்டுகளும். இவை தாமாகவே பறந்து வந்து சேரும், ஆனால் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலரும் பயந்துபோய் மீனோ மருந்தோ விட்டுவிடுகிறார்கள்.

வெப்பமான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் ஐந்து நாளுக்கு ஒரு முறை மென்வலையால் மேற்பரப்பை அரித்தெடுங்கள். தவளை முட்டை வழவழப்பான கூழ்போல வலையில் தட்டுப்படும், அதைத் தொடாமல் விலக்குங்கள். கூடவே வாளி, தட்டு, அடைத்த கூரைக்குழாய் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவிடுங்கள். உயிர்கள் நிறைந்த குளத்தைவிட இந்தச் சின்னப் பாத்திரங்கள்தான் கொசுவுக்குப் பிடித்த இடம்.

10. தவளையை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள்

ஆசையில் செய்யும் காரியங்களிலேயே அதிகக் கேடு செய்வது இதுதான். கைட்ரிட் என்ற நீர்ப்பூஞ்சை, 1999இல் அறிவியல் பெயர் பெற்றது, தவளையின் தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தில் வளர்கிறது. தோல் வழியாக நடக்கும் உப்புகளின் போக்குவரத்து கெட்டு, கடைசியில் இதயம் நின்றுவிடும். குறைந்தது 501 இனங்களின் வீழ்ச்சியில் இந்த நோய்க்குப் பங்கு உண்டு என்றும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்றும் 2019இல் வெளியான மதிப்பீடு சொன்னது.

ஒரு வாளித் தலைப்பிரட்டை ஏன் ஆபத்து என்றால், தலைப்பிரட்டைக்கு வாயைச் சுற்றி மட்டும்தான் கெரட்டின் இருக்கிறது. பூஞ்சை அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், தலைப்பிரட்டை நன்றாகவே நீந்தித் திரியும். பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உருமாறித் தோல் முழுக்கக் கெரட்டின் வந்த பிறகுதான் அது சாகத் தொடங்கும், அதற்குள் உங்கள் குளத்துத் தண்ணீரில் நோய் பரவியிருக்கும். அமெரிக்கக் காளைத்தவளை போன்ற சில இனங்கள் இந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டே நோயில்லாமல் வாழ்கின்றன. வளர்ப்புத் தவளையைத் தோட்டத்தில் விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல நாடுகளில் காட்டுத் தவளையைப் பிடித்து இடம் மாற்றுவது சட்டப்படியும் தவறு. உங்கள் குளத்து முட்டையை நண்பருக்குக் கொடுப்பதற்கும் இது பொருந்தும்.

நம் காலும் நோயைச் சுமக்கும். வேறு குளம், ஓடை என்று போய்வந்தால் செருப்பையும் வலையையும் சேறு போகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிட்டுத்தான் உங்கள் குளத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பூஞ்சைக்கு ஈரமில்லாமை ஆகாது, நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும்.

அப்படியானால் தவளை எப்போது வரும்? அக்கம்பக்கத்தில் இருந்தால் முதல் பருவத்திலேயே வரலாம், இரண்டு மூன்று பருவமும் ஆகலாம். காத்திருப்பதும் இந்த வேலையின் ஒரு படி.

11. முட்டையிலிருந்து கரையேறும் வரை

கூழ்க் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் தவளை முட்டை, நீண்ட சரமாகச் செடியில் சுற்றியிருந்தால் தேரை முட்டை. சில முட்டைகள் வெளுத்துப் பஞ்சுபோல ஆகும், கருவுறாதவை அவை. பிய்த்தெடுக்க வேண்டாம், பக்கத்து முட்டைகள் கலைந்துவிடும்.

வெப்பத்தைப் பொறுத்து ஓரிரு நாளிலும் பொரிக்கும், இரண்டு மூன்று வாரமும் ஆகும். பிறகு பல வாரங்கள் தலைப்பிரட்டை. இந்தக் காலத்தில் சோறு, ரொட்டி எதுவும் போடாதீர்கள், அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். நூற்றுக்கணக்கில் பிறப்பவற்றில் மிகச் சிலவே பிழைக்கும். தட்டான் புழு தின்னும், பறவை தின்னும். காப்பாற்றுகிறேன் என்று வாளிக்கு மாற்றினால் நெரிசலில் ஒன்றும் மிஞ்சாது.

குளம் வற்றிப்போவது குற்றமில்லை. வற்றும் குட்டையில் மீன் நிலைக்காது என்பதால் பல இனங்கள் அதைத்தான் தேடி வருகின்றன. ஆனால் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள் இருக்கும்போது வற்றினால் மட்டும் 7ஆம் படியில் சொன்னபடி தண்ணீர் சேருங்கள்.

முன்னங்கால் வந்த நாட்களில் சரிவோரம் உட்கார்ந்து பாருங்கள். நகக்கண் அளவு உடம்பு, பின்னால் கரைந்துகொண்டிருக்கும் வால் முனை. இந்த நாட்களில் அது எதையும் தின்னாது. பாசி சுரண்டிய வாய் பூச்சி பிடிக்கும் வாயாகவும், நீண்ட குடல் குட்டையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. அதுவரை வால்தான் உணவு. இப்போது கரையோரப் புல்லை வெட்டாதீர்கள், அங்கே நடக்கவும் வேண்டாம். பல குளங்களில் கடைசிக் கட்டம் வரை வந்த குட்டிகள் புல்வெட்டும் இயந்திரத்தில்தான் போகின்றன.

12. இரவும் வளர்ப்பு விலங்குகளும்

குளத்தின் மேல் விளக்கு போடாதீர்கள். வெளிச்சத்தில் சில இனங்களின் ஆண்கள் கத்துவதைக் குறைத்துக்கொள்ளும், அவை கத்தாவிட்டால் பெண் வராது. டார்ச் அடித்தாலும் கண்ணில் அடிக்காமல், சில நொடியில் அணைத்துவிடுங்கள்.

பூனையை இருட்டும் நேரத்தில் உள்ளே வையுங்கள். நாய் தேரையைக் கவ்வினால், தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நஞ்சால் நுரை தள்ளும். வாயின் உட்புறத்தை ஈரத்துணியால் வெளிநோக்கித் துடைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவளையைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால், சோப்போ கொசு விரட்டியோ இல்லாத கையை நன்றாக நனைத்துக்கொண்டு தூக்குங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி அவற்றிடம் இருக்கலாம்.

13. செத்த தவளைகளைக் கண்டால்

ஒன்று செத்துக் கிடந்தால் இயல்பு. சில நாளுக்குள் பல செத்தால் இயல்பல்ல. வயிற்றிலும் தொடையிலும் சிவந்த திட்டுகள், புண்கள் இருந்தால் ரானா வைரஸ் என்ற கிருமியால் வரும் நோயாக இருக்கலாம். பகல் வெயிலில் அசையாமல் உட்கார்ந்து, கால்கள் விரிந்து, தோல் அளவுக்கு மீறி உரிந்தால் கைட்ரிட் பூஞ்சையை நினைக்க வேண்டும். தண்ணீரில் இருந்த எல்லா உயிர்களும் ஒரே நாளில் செத்தால் பெரும்பாலும் விஷம், அல்லது பிராணவாயு இல்லாமை.

படம் எடுங்கள், நாளும் எண்ணிக்கையும் எழுதுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வனத்துறைக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ முதலில் தகவல் சொல்லி, உடலை எப்படி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்தக் குளத்திலிருந்து தண்ணீர், செடி, வலை எதையும் வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். மருந்தூற்றிக் "கிருமி நீக்கம்" செய்யவும் வேண்டாம், பிழைத்திருப்பவையும் போய்விடும்.

14. ஆண்டுப் பராமரிப்பு

ஆண்டுக்கு ஒரு முறை போதும், அதுவும் முட்டையோ தலைப்பிரட்டையோ இல்லாத காலத்தில். குளத்தை மொத்தமாக இறைத்துத் தேய்த்துக் கழுவுவது வேண்டாம். அப்படிச் செய்தால் கொசுப்புழு தின்னும் பூச்சிகள் எல்லாம் போய், முதல் மாதத்துக் கொசுத் தொல்லை மறுபடி தொடங்கும்.

அடியில் சேர்ந்த சேற்றிலும் அடர்ந்த செடியிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். எடுத்ததைக் கரையிலேயே ஓர் இரவு வையுங்கள், உள்ளே இருக்கும் பூச்சிகளும் நத்தைகளும் தண்ணீருக்குத் திரும்பிவிடும். மறுநாள் அதை மட்கக் குவியலில் சேருங்கள். சருகு மேட்டையும் கட்டைக் குவியலையும் கலைக்காமல் மேலே புதுச் சருகு மட்டும் போடுங்கள்.

ஒரு நோட்டில் இவற்றை எழுதி வையுங்கள்: முதல் குரல் கேட்ட நாள், முட்டை கண்ட நாள், குட்டிகள் கரையேறிய நாள், சுத்தம் செய்த நாள், பக்கத்தில் யாராவது மருந்தடித்த நாள். ஒரு பருவத்தில் முட்டை குறைந்தாலோ குரல் நின்றாலோ காரணம் தேட முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.